ஓர் அறை சூடு, ஓர் அறை குளிர்: ஹீட் பம்ப் வீட்டில் எங்கே தேடுவது?

கூடத்தில் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றுகிறது. நாலு எட்டு வைத்துப் படுக்கையறைக்குள் போனால் பாதம் சில்லிடுகிறது. இரண்டுக்கும் சூடு தருவது ஒரே ஹீட் பம்ப், அதாவது வெளியிலுள்ள வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி. இப்படிப்பட்ட வீடுகளில் என்னை நேராக வெளி யூனிட்டுக்குத்தான் அழைத்துப் போவார்கள். நான் உள்ளேயிருந்து தொடங்குவேன். வீடு முழுவதுமே சூடேறவில்லை என்றால் கருவியைச் சந்தேகிக்கலாம். ஓர் அறை இதமாக இருந்து இன்னோர் அறை மட்டும் குளிர்ந்தால், பெரும்பாலும் கருவி தன் வேலையைச் செய்திருக்கும். சூடு வழியில் எங்கோ நின்றிருக்கும். அந்த வழியைத் தேடிப் பார்க்கத் தொடக்கத்தில் செலவே இல்லை.

உங்கள் வீட்டு அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் அளவெடுத்துவிடுங்கள்.

## தொடங்கும் முன்

வெப்பமானி ஒன்றே போதும். இரண்டு மூன்றை வைத்து அளந்தால் அவற்றுக்குள்ளேயே ஒன்றிரண்டு டிகிரி முரண்படும். சூரியன் மறைந்த பிறகு, கருவி ஒரு மணி நேரமாவது ஓடிய பின், ஒவ்வோர் அறையின் நடுவிலும் மேசை உயரத்தில் பதினைந்து நிமிடம் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். கதவுகள் வழக்கமாக இருப்பதுபோலவே இருக்கட்டும். அறைக்கு அறை ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்தை நான் துரத்துவதில்லை. மூன்றைத் தாண்டினால் தேடுவேன்.

அடுத்து, சூடான காற்று வரும் இடத்திலும் அறைக் காற்றைக் கருவி திரும்ப இழுக்கும் இடத்திலும் அளவெடுங்கள். கருவி அதற்கு முன் பதினைந்து நிமிடம் நிற்காமல் ஓடியிருக்க வேண்டும். வரும் காற்று, இழுக்கும் காற்றைவிட ஏறக்குறைய 8 முதல் 17 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தால் கருவி சூட்டைத் தருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெளியே குளிர் கடுமையாகும்போது இந்த வித்தியாசம் குறையும். கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 35 டிகிரிக் காற்று நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவானது. கைக்குச் சூடாகவே தெரியாது. ஆனால் அறையை 21 டிகிரியில் வைத்திருக்க அது போதும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது. மறுபக்கம் மங்கலாகத் தெரிந்தால் கழுவுங்கள். கழுவ முடியாத வகையாக இருந்தால் மாற்றுங்கள். ஈரத்தோடு திரும்ப மாட்டாதீர்கள். தூசி அடைத்தால் காற்றோட்டம் குறையும். அப்போது முதலில் பாதிக்கப்படுவது கருவிக்கு மிகத் தொலைவில் உள்ள அறைதான். ஃபில்டரை மாற்றியதும் "கடைசி அறை சரியாகிவிட்டது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்னும் ஒரு வேண்டுகோள்: ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான். மூன்றை ஒரே மாலையில் மாற்றினால், எது பலித்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

## அறிகுறி 1: டக்ட் (அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) உள்ள வீட்டில் ஓர் அறை மட்டும் குளிர்கிறது

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஆகவே இதில் நிதானமாகப் போவோம்.

அறைக்குள் காற்று வரும் கிரில் உண்மையிலேயே திறந்திருக்கிறதா? கட்டில், திரைச்சீலை, தரைவிரிப்பு ஆகியவை கிரில்லை மறைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதன் நெம்பை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம். ஒருமுறை பரணில் பாதி நாள் தவழ்ந்து டக்ட் முழுவதையும் தடவிப் பார்த்தேன், எங்கும் குறையில்லை. கீழே இறங்கி டார்ச்சைக் கிரில்லுக்குள் அடித்தபோது உள்ளே நான்கு தகடுகளும் இமை மூடியதுபோல் படுத்திருந்தன. வெளியே நெம்பு "திறப்பு" பக்கம் நின்றது. அதற்கும் தகட்டுக்கும் இடையே இருந்த சிறு கம்பி கழன்றிருந்தது. அன்றிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் பரணில் ஏறுவதில்லை.

கதவு மூடியிருக்கும்போது மட்டும் குளிர்கிறதா? பல வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் காற்று வரும் வழி உண்டு. காற்று திரும்பிப் போகும் வழி கூடத்தில் மட்டும்தான் இருக்கும். கதவை மூடினால் அறைக்குள் வந்த காற்று வெளியேற இடமில்லாமல் அழுத்தம் ஏறும். புதிய சூடான காற்று உள்ளே வரத் தயங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு டிஷ்யூ தாள் போதும். கருவியின் விசிறி ஓடும்போது கதவை மூடி, கூடத்துப் பக்கம் நின்று, கதவின் அடி இடுக்கில் தாளைத் தொங்கவிடுங்கள். தாள் படபடத்து உங்களை நோக்கி வீசினால் காற்று அந்த இடுக்கு வழியாகத் திணறி வெளியேறுகிறது. பிறகு கதவை இரண்டு விரல் அளவு திறந்துவிட்டு, கிரில்லின் முன் தாளைப் பிடித்துப் பாருங்கள். மூடியிருந்தபோது இருந்ததைவிட இப்போது வேகமாகப் பறந்தால் காரணம் கதவுதான். அடியில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி கதவைச் செதுக்கலாம். அது போதாவிட்டால் கதவிலோ அதற்கு மேலே சுவரிலோ காற்று கடக்க ஒரு கிரில் பொருத்தலாம். தச்சர் செய்யும் வேலை இது. ஹீட் பம்ப் மெக்கானிக் தேவையில்லை.

டேம்பர், அதாவது குழாய்க்குள் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு, எந்தப் பக்கம் நிற்கிறது? கிளைக் குழாய்களில் சிறு கைப்பிடி இருந்தால் பாருங்கள். அது குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. திருப்பும் முன் பழைய நிலையைப் பேனாவால் குறித்துவிடுங்கள். குளிர்ந்த அறைக்குப் போவதை முழுவதும் திறந்த பிறகும் போதவில்லை என்றால், அதிகம் சூடாகும் அறையின் டேம்பரைக் கொஞ்சமாக, கால்வாசிக்கும் குறைவாக, மூடுங்கள். ஒரு நாள் விட்டு அளந்து பாருங்கள். ஆளில்லாத அறைகள் என்று நாலைந்து கிரில்களை முற்றாக மூடுவதை மட்டும் செய்ய வேண்டாம். மொத்தக் காற்றோட்டம் குறைந்தால் உள்ளே சூட்டைக் கொடுக்கும் காயில் அளவுக்கு மீறிச் சூடேறும், அழுத்தம் கூடும், கருவி தன்னையே நிறுத்திக்கொள்ளும். அப்போது எல்லா அறையும் குளிரும்.

குழாய் மடங்கியோ கழன்றோ இருக்கிறதா? வளையும் குழாய்கள் பரணில் பெட்டிகளுக்கு அடியில் நசுங்கும்; வளைவில் மடங்கும். கழன்ற குழாய் பரணையே சூடாக்கிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் பரணின் ஒரு மூலை மட்டும் இதமாக இருந்தால் அங்கே தேடுங்கள். கையெட்டும் இணைப்புகளை மாஸ்டிக் பசையாலோ அலுமினிய ஒட்டுநாடாவாலோ அடைக்கலாம். டக்ட் டேப் என்ற பெயரில் விற்கும் துணி நாடா சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். இந்த வேலைக்கு மட்டும் அது ஆகாது.

காற்று நன்றாக வருகிறது, ஆனாலும் குளிர்கிறதா? அப்படியானால் குறை வரும் சூட்டில் இல்லை, தப்பிக்கும் சூட்டில் இருக்கலாம். எல்லா அறைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் நேரத்தில் கருவியை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். மற்ற அறைகள் ஒரு டிகிரி இறங்கியபோது இந்த அறை மூன்று டிகிரி இறங்கினால், எந்தக் கருவியை வைத்தாலும் இந்த அறை குளிரத்தான் செய்யும். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே உள்ள அறை, மூன்று பக்கமும் வெளிச்சுவர் உள்ள அறை, பெரிய கண்ணாடி ஜன்னல் உள்ள அறை ஆகியவை இப்படித்தான் நடந்துகொள்ளும். ஜன்னல் ஓரங்களையும் சுவர் அடிப்பகுதியையும் அடைப்பது மலிவு. சுவருக்கும் தரைக்கும் வெப்பக்காப்பு வைப்பது செலவு. இருந்தாலும், பெரிய ஹீட் பம்ப் வாங்குவதைவிட அந்தச் செலவு பலன் தரும் என்பதே என் உறுதியான கருத்து.

எப்போது ஆளை அழைப்பது: இத்தனையும் பார்த்த பிறகும் அந்தக் கிரில்லில் காற்று மெல்லியதாகவே வந்தால். குழாய் சிறிதாகப் போடப்பட்டிருக்கலாம். டக்ட்டின் அழுத்தத்தையும் காற்றின் அளவையும் கருவி வைத்து அளக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.

## அறிகுறி 2: மாடி வேகிறது, கீழ்த்தளம் குளிர்கிறது

முதலில் தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாடிப்படியின் உச்சியிலோ, வெயில் படும் சுவரிலோ, அடுப்புக்கும் விளக்குக்கும் அருகிலோ இருந்தால், அது தன்னைச் சுற்றியுள்ள சூட்டைப் பார்த்து "போதும்" என்று கருவியை நிறுத்திவிடும். அதற்கு அருகே உங்கள் வெப்பமானியை வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

அடுத்து, மாடிக் கிரில்களைச் சற்றுக் குறைத்துக் கீழ்த்தளத்தை முழுவதும் திறந்து வையுங்கள். கோடையில் இதையே மாற்றிச் செய்ய வேண்டியிருக்கும், மறந்துவிடாமல் குறித்துவையுங்கள்.

பிறகு பரணுக்கு ஏறும் மூடியைப் பாருங்கள். பலரும் இதைக் கவனிப்பதில்லை. அதன் விளிம்பில் இடுக்கு இருந்தால் வீட்டின் சூடான காற்று மேலே தப்பிக்கும். அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்தின் கதவு ஜன்னல் இடுக்குகள் வழியாக வெளிக்குளிர் உள்ளே வரும். மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினால் குளிர்ந்த கீழ்த்தளத்துக்கே நல்லது நடக்கும்.

இவை போதாவிட்டால் தளத்துக்குத் தளம் தனித் தெர்மோஸ்டாட்டும் மோட்டார் டேம்பரும் வைக்கலாம். இது ஆளை அழைத்துச் செய்ய வேண்டிய, செலவு பிடிக்கும் வேலை.

## அறிகுறி 3: சுவர் யூனிட் உள்ள அறையில் தலைக்குச் சூடு, காலுக்குக் குளிர்

காற்றுத் தகடு கிடைமட்டமாக இருக்கிறதா? குளிரூட்டும்போது அது சரி. சூடேற்றும்போது தகடு கீழ்நோக்கித் திரும்ப வேண்டும். விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்திருந்தால் சூடான காற்று தரையை எட்டாமலே மேலே ஏறிவிடும். நடு வேகத்தில் வையுங்கள். பாதிப் புகார்கள் இங்கேயே தீரும்.

தீரவில்லையென்றால் உணரியைக் கவனியுங்கள். பெரும்பாலான சுவர் யூனிட்டுகள் அறையின் சூட்டைத் தமக்குள்ளேயே, அதாவது உட்கூரைக்குச் சற்றுக் கீழே, அளக்கின்றன. அங்கே 24 டிகிரி இருக்கும்போது நீங்கள் உட்காரும் இடத்தில் 20தான் இருக்கலாம். ரிமோட்டில் உள்ள உணரியைக் கொண்டு அளக்கும் வசதி உங்கள் கருவியில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால் அதை இயக்கி, ரிமோட்டை நீங்கள் உட்காரும் இடத்தில், யூனிட்டின் பார்வை படும்படி வையுங்கள். ஜன்னல் திண்டிலோ டிவி மேலோ வைத்தால் பழைய கதைதான். வசதி இல்லையென்றால் இரண்டு மூன்று டிகிரி கூட்டி வைப்பதே வழி. அதில் தவறொன்றும் இல்லை.

யூனிட்டுக்கு முன்னே அலமாரியோ திரைச்சீலைப் பெட்டியோ இருந்தால், வெளிவந்த காற்று திரும்ப யூனிட்டுக்குள்ளேயே போகும். அலமாரியை நகர்த்துங்கள்.

எப்போது ஆளை அழைப்பது: ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று பலவீனமாக வந்தால். உள்ளே உருளை வடிவ விசிறியின் இதழ்களில் அழுக்கு படிந்திருக்கும். அதைக் கழற்றிக் கழுவுவது பழக்கப்பட்டவர் வேலை.

## அறிகுறி 4: ஒரே வெளி யூனிட், பல உள் யூனிட்டுகள், ஒன்று மட்டும் சூடு தரவில்லை

எல்லா ரிமோட்டுகளையும் கையில் எடுங்கள். ஏதாவது ஒன்று குளிரூட்டும் நிலையிலோ ஈரம் உலர்த்தும் நிலையிலோ தானியங்கி நிலையிலோ இருக்கிறதா? சாதாரண வீட்டு மாடல்களில் எல்லா யூனிட்டுகளும் ஒரே வேலையைத்தான் செய்ய முடியும். முரண்பட்டால் ஒன்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். எல்லாவற்றையும் சூடேற்றும் நிலைக்கு மாற்றுங்கள்.

பிறகு தனியோட்டச் சோதனை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, குறையுள்ள யூனிட்டை மட்டும் இருபது நிமிடம் ஓட்டுங்கள். விடை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

*தனியாக ஓடும்போது நன்றாகச் சூடேறினால்*, அந்த யூனிட் நலம். எல்லாம் சேர்ந்து ஓடும்போது வெளி யூனிட்டின் சக்தி போதவில்லை. எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் தொடங்காமல் ஒவ்வொன்றாகத் தொடங்கிப் பாருங்கள்.

*தனியாக ஓடும்போதும் சூடேறாவிட்டால்*, அந்தக் கிளையின் வால்விலோ குழாயிலோ குறை. மெக்கானிக்கை அழைக்க வேண்டியதுதான்.

*அந்த அறை குளிர்ந்தபடியே இருக்க, வேறோர் அறையின் யூனிட் சூடானால்*, இணைப்பு மாறியிருக்கிறது. ஒரு வீட்டில் குழந்தைகள் அறையின் யூனிட் விளக்கு எரிகிறது, ஆனால் காற்றே வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக அந்த அறைக்குத் தனி ஹீட்டர் வைத்திருந்தார்கள். தனியோட்டச் சோதனையின்போது விருந்தினர் அறைக்குப் போய், நிறுத்தி வைத்திருந்த யூனிட்டின் மேல்பக்கம் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. குழாய்கள் ஓர் அறைக்கும், தகவல் கம்பிகள் மற்ற அறைக்குமாக மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தன. குழந்தைகள் அறை சூடு கேட்டபோதெல்லாம் அது விருந்தினர் அறைக்குப் போயிருக்கிறது. தன் காயில் சூடாகும் வரை விசிறியை ஓட்டாமல் காத்திருப்பது இந்த யூனிட்டுகளின் இயல்பு. அதனால்தான் காற்றும் வரவில்லை. மெக்கானிக் வெளி யூனிட்டில் கம்பிகளை இடம் மாற்றியதும் அன்றிரவே அறை சூடேறியது. இந்த மாற்றத்தை நீங்களே செய்ய வேண்டாம். அந்த முனைகளில் மின்சாரம் இருக்கும்.

நிறுத்தி வைத்த யூனிட் லேசாக வெதுவெதுப்பாக இருப்பது மட்டும் குறையாகாது. மற்றவை ஓடும்போது பல மாடல்களில் சிறிதளவு சூடு அங்கேயும் போகும். கேட்ட அறையும் சூடாகிறதா என்பதே கேள்வி.

## அறிகுறி 5: இடையிடையே எல்லா அறைகளும் குளிர்ந்து, பிறகு சரியாகின்றன

வெளி யூனிட்டில் விசிறி நின்று ஆவி பறக்கிறதா? அது தன் மேல் படிந்த உறைபனியை உருக்குகிறது. 5 முதல் 15 நிமிடத்தில் முடிந்தால் எல்லாம் சரி; பொறுத்திருங்கள். டக்ட் உள்ள வீட்டில் தெர்மோஸ்டாட்டின் விசிறி, நிற்காமல் ஓடும் நிலையில் இருந்தால் தானியங்கிக்கு மாற்றுங்கள். கருவி ஓய்வெடுக்கும் நேரத்தில் ஆறிய காற்று வீசுவது நிற்கும்.

உறைபனி உருகாமல் வெளி யூனிட் முழுவதும் பனிக்கட்டியாக இறுகிவிட்டால் கருவியை நிறுத்துங்கள். சுற்றிலும் குவிந்த பனியையும் இலைகளையும் அகற்றுங்கள். அறுபது சென்டிமீட்டராவது காற்றுக்கு இடம் வேண்டும். மேலே கூரைத் தண்ணீர் சொட்டுகிறதா, அடியில் வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தியலோ கூர்மையான எதுவுமோ வேண்டாம். மெல்லிய தகடுகளுக்குப் பின்னே, வெப்பத்தைச் சுமக்கும் வாயுவின் குழாய் ஓடுகிறது. கொதிநீரும் கூடாது. தானாக உருகவிடுங்கள். மறுபடியும் இறுகினால் மெக்கானிக்கின் முறை: உறைபனி நீக்கும் உணரி, திசைமாற்றும் வால்வு, வாயுக் குறைவு ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

## அறிகுறி 6: கடும் குளிர் நாட்களில் மட்டும் சில அறைகள் பின்தங்குகின்றன

வெளியே குளிரக் குளிர ஹீட் பம்ப்பின் சக்தி குறையும், வீட்டின் தேவை கூடும். ஆகவே இரவில் பல டிகிரி குறைத்துவிட்டு விடியலில் ஏற்றும் பழக்கத்தை அந்த நாட்களில் விட்டுவிடுங்கள். மணிக்கணக்காக ஓடியும் தொலைவில் உள்ள அறைகள் எட்டிப் பிடிக்காது. ஒரே அளவில் வைத்து, இடைவிடாமல் ஓடவிடுங்கள். கருவி நிற்காமல் ஓடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

துணை மின்ஹீட்டர் உள்ள வீடு என்றால் அதன் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு முறை ஏற்றலாம். மறுபடி விழுந்தால் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

## அறிகுறி 7: ஹீட் பம்ப்பில் ஓடும் ரேடியேட்டர்கள் (சூடான தண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகைகள்) ஒன்றுபோல் சூடாகவில்லை

மேல்பாதி குளிர், கீழ்பாதி சூடு: உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. கருவியை நிறுத்தி, ஆறவிட்டு, காற்றுத் திருகைத் திறந்து தண்ணீர் வரும் வரை விடுங்கள். பிறகு அழுத்தமானியைப் பாருங்கள். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருப்பது வழக்கம். தண்ணீர் சேர்க்கும் முன் உள்ளே உறைதடுப்புத் திரவம் கலந்திருக்கிறதா என்று கேட்டறியுங்கள். கலந்திருந்தால் வெறும் தண்ணீர் அதை நீர்க்கச் செய்துவிடும்.

கீழ்நடு குளிர், சுற்றிலும் சூடு: அடியில் சேறு படிந்திருக்கிறது. முதலில் குழாயில் உள்ள வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டரைக் கழற்றி அலசுவது அடுத்த கட்டம்.

ஒன்று மட்டும் முற்றிலும் குளிர்: வெப்பம் கட்டுப்படுத்தும் வால்வின் தலையைக் கழற்றினால் சிறு ஊசி தெரியும். அதை அழுத்தினால் உள்ளே போய்த் தானாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பக்கவாட்டில் மெல்லத் தட்டிப் பாருங்கள், பிடித்து இழுக்காதீர்கள்.

அருகில் உள்ளவை சூடு, தொலைவில் உள்ளவை குளிர்: அருகில் உள்ள ரேடியேட்டர்களில் தண்ணீர் திரும்பிப் போகும் பக்கத்து வால்வைக் கால் சுற்று மூடி, ஒரு நாள் விட்டு அளவெடுங்கள். வேண்டியதைவிட அதிகமாக மூடிவிட்டால் தண்ணீரோட்டம் குறைந்து ஹீட் பம்ப் அடிக்கடி நின்று நின்று ஓடும்.

35 முதல் 45 டிகிரித் தண்ணீரில் ரேடியேட்டர் இளஞ்சூடாகவே இருக்கும். பழைய பாய்லரின் சுடும் ரேடியேட்டரோடு ஒப்பிட வேண்டாம்; அறையின் அளவைப் பாருங்கள்.

## உடனே நிறுத்தி ஆளை அழைக்க வேண்டியவை

கருகும் வாடை; மறுபடி மறுபடி விழும் பிரேக்கர்; தாமிரக் குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை; சீறும் ஒலி; சூடேற்றும் நிலையில் பதினைந்து நிமிடத்துக்கு மேலும் குளிர்காற்றே வருவது. வெளி யூனிட்டின் மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். வாயுவும் விளையாட்டல்ல: ஆர்-32 மிதமாகத் தீப்பற்றும், ஆர்-290 என்பது புரொப்பேனேதான்.

வருபவரிடம் உங்கள் அளவுத் தாளைக் கொடுங்கள். எந்த அறை எத்தனை டிகிரி, வரும் காற்றுக்கும் இழுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் எவ்வளவு, என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்று அதில் இருந்தால் அவருடைய முதல் ஒரு மணி நேரம் மிச்சம். "கேஸ் குறைந்திருக்கிறது, ஏற்றிவிடுகிறேன்" என்று சொன்னால், கசிவு எங்கே என்று கேளுங்கள். மூடிய குழாய்க்குள் ஓடும் வாயு ஓடி ஓடித் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு, கருவியின் தகட்டில் எழுதியுள்ள எடைக்கு எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள்.